அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்: தடையாணைக்கும் மழைக்கும் நடுவில்

சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006-இல் இடிக்கத் தொடங்கியது. ஒரு பகுதி போன நிலையில், பாரம்பரியச் சின்னங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகித் தடை வாங்கியது. 2010 ஏப்ரலில் நீதிபதிகள் பிரபா ஸ்ரீதேவன், டி.எஸ். சிவஞானம் அமர்வு, கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்கள் தொடர்பாக வந்த தீர்ப்புகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கட்டடம் கூரை திறந்து, சுவர்களில் அரசமரம் முளைத்துத்தான் நின்றது.

வழக்கில் வென்ற கட்டடம் ஏன் தொடர்ந்து அழிந்தது? இதுதான் இந்த ஆய்வின் கேள்வி. தடையாணை கடப்பாரையை நிறுத்தும். மழையை நிறுத்தும் பொறுப்பை அது தானாக யார் தலையிலும் வைப்பதில்லை. சென்னையில் வழக்குப் போட்டுக் காப்பாற்றப்பட்ட பல கட்டடங்கள் தவித்துக் கிடப்பது இந்த இடைவெளியில்தான்.

கட்டடமும் கைமாற்றமும்

இதன் முதல் பெயர் கார்டில் கட்டடம். டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக ஜே.எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தது, 1897-இல் முடிந்தது. செந்நிறச் செங்கல், கூர்நுனிக் கோபுரங்கள், குவிமாடங்கள், வளைவு வாசல்கள் என்று இந்தோ-சாரசெனிக் பாணியில் அமைந்தது. கீழே விற்பனைக் கூடம், பின்பக்கம் சோடா தொழிற்கூடம், மருத்துவர்களுக்கான ஆலோசனை அறைகள், மேல்தளத்தில் குடியிருப்பு. ஒரு மருந்துக் கடைக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று தோன்றலாம். அன்றைய மவுண்ட் ரோடில் கடையின் முகப்புதான் விளம்பரம். ஸ்பென்சர்ஸ், பி. ஆர் அண்டு சன்ஸ், ஹிக்கின்பாதம்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் எழுந்தவைதான்.

1934-இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி இதை வாங்கியது; பெயர் மாறியது. 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது கட்டடம் எல்.ஐ.சி. வசம் வந்தது. எல்.ஐ.சி.க்கு இதே சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட தன் உயரமான கட்டடம் இருந்ததால் பழைய கட்டடம் வாடகைக்கு விடும் சொத்தாகவே தொடர்ந்தது. ஒரு கட்டடத்தின் உரிமையாளர் அதில் உட்கார்ந்து வேலை செய்யாதபோது அதன் மாடி ஒழுகுவதை அவர் கடைசியாகத்தான் அறிவார். இந்த வழக்கில் மட்டுமல்ல, பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் இடிந்த பல கட்டடங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏன் ஆகவில்லை

மத்தியத் தொல்லியல் துறையின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கட்டடம் வர வேண்டுமானால் அது குறைந்தது நூறு ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். தனியாக அறிவிக்கை செய்யப்பட வேண்டும். 1897-இல் கட்டியது நூறைத் தொட்டதே 1997-இல். தவிர, அந்தச் சட்டம் கோயில், கோட்டை, கல்வெட்டு போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடைகளும் அலுவலகங்களும் இயங்கும், விலை போகும் நிலத்தில் நிற்கும் ஒரு வணிகக் கட்டடத்தை அதற்குள் கொண்டுவருவது நடைமுறையில் அரிது.

மும்பை இந்தச் சிக்கலை 1995-இல் வேறு வழியில் அணுகியது. தொல்லியல் சட்டத்துக்குக் காத்திருக்காமல், நகரத்தின் கட்டட விதிகளுக்குள்ளேயே பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலையும் தரவரிசையையும் குழுவையும் சேர்த்தது. கட்ட முடியாமல் போன பரப்பை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளும் டி.டி.ஆர். உரிமையும் உரிமையாளருக்குக் கிடைத்தது. சென்னையில் 2006 வரை அப்படி ஒரு பட்டியல் சட்டபூர்வமாக நடைமுறையில் இல்லை.

இங்கே பட்டியல் வந்த வழி எதிர்பாராதது. சாலையோர விளம்பரப் பலகைகளை அகற்றுவது பற்றிய வழக்கில், எந்தெந்தக் கட்டடங்களின் முன்னால் பலகை வைக்கக் கூடாது என்பதை முடிவு செய்ய நீதிபதி இ. பத்மநாபன் தலைமையில் குழு அமைந்தது. அந்தக் குழு 467 கட்டடங்களைக் கொண்ட பட்டியலைத் தரவரிசையோடு கொடுத்தது. பலகையை அகற்றப் போட்ட பட்டியல், 2010 தீர்ப்பில் கட்டடங்களைக் காக்கும் பட்டியலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நீதிமன்றம் செய்த மிகப் பயனுள்ள காரியம் இது என்பது எங்கள் கருத்து. புதிதாகப் பட்டியல் போடச் சொல்லியிருந்தால் இன்னும் பல ஆண்டு ஓடியிருக்கும்.

காலி செய்யும் சட்டமே இடிக்கச் சொன்னது

பாரத் கட்டடத்தின் உரிமையாளர் பொதுத்துறை நிறுவனம் என்பதால் வாடகைதாரர்களை வெளியேற்ற அதற்கென்று தனிச் சட்டம் உண்டு. சென்னையின் மற்ற பழைய கட்டடங்கள் பெரும்பாலும் தனியார் கையில். அவற்றின் கதியைப் புரிந்துகொள்ள 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும்.

அந்தப் பிரிவில் இரண்டு வாசல்கள். பழுதுபார்க்க வேண்டும் என்று சொல்லிக் காலி செய்யலாம்; வேலை முடிந்ததும் பழைய வாடகைதாரரைத் திரும்ப உள்ளே விட வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று சொல்லியும் காலி செய்யலாம். அப்போது, இடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிப்பைத் தொடங்கி, மூன்று மாதத்துக்குள் முடிப்பதாக உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐம்பது வருடம் உயராத வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் எந்த வாசலைத் தேர்வார்? பழுதுபார்ப்பவருக்குப் பழைய வாடகை. இடிப்பவருக்குக் காலி இடம். இடிக்காமல் விட்டால் கொடுத்த உறுதிமொழியை மீறியதாகும். நகரத்தின் பழைய தெருக்களில் கட்டடங்களை வீழ்த்தியதில் இந்தப் பிரிவின் பங்கு பேசப்பட்டதைவிட அதிகம். இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2019-இல் நடைமுறையானது. அதற்குள் போனவை போனவைதான்.

நிலத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்ற அளவு) 2; உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பத்து கிரவுண்டு மனை என்று வைத்துக்கொண்டால் 24,000 சதுர அடி. அதில் உயர்மாடியாக 78,000 சதுர அடி எழுப்பலாம். அதே மனையில் முற்றமும் வராந்தாவுமாக நிற்கும் இரண்டு மாடிப் பழைய கட்டடம் 30,000 சதுர அடி தந்தால் அதுவே அதிகம். மீதி 48,000 சதுர அடிக்கு உரிமையாளருக்கு என்ன பதில் என்று சொல்லாத எந்தப் பாதுகாப்புச் சட்டமும் அவரை எதிராளியாக்கிவிடும். மும்பை டி.டி.ஆர். கொடுத்தது இதற்குத்தான்.

மாடி எப்படிப் போகிறது

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். சென்னையில் அந்தக் காலத்துக் கட்டடங்களின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரம், பின்னாளில் இரும்பு உத்திரம். அவற்றின்மேல் 30 முதல் 45 செ.மீ. இடைவெளியில் தேக்குக் குறுக்குக்கட்டைகள். அதன்மேல் 15 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமன் கொண்ட மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, சுவருக்கு 45 பாகை சாய்வில், சுண்ணாம்புக் கலவையில் வரிசை வரிசையாக ஒட்டுவார்கள். மேலே 7.5 முதல் 10 செ.மீ. வரை செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம். அதைக் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுக்குவார்கள். கட்டை பட்டுத் துள்ளி எழும்பினால் தளம் இறுகிவிட்டது என்று பொருள். கடைசியாக இரண்டு வரிசைத் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. மொத்தம் 20 செ.மீ.க்குச் சற்று மேல். எடை சதுர மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டி வரும்.

இந்தக் கூரை நூற்றைம்பது வருடம் தாங்கும். ஒரு நிபந்தனை உண்டு: தண்ணீர் தேங்கக் கூடாது. சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. 1,000 சதுர மீட்டர் மாடி என்றால் ஆண்டுக்கு 14 லட்சம் லிட்டர் அதன்மேல் விழுகிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில். இவ்வளவும் நான்கைந்து வடிகுழாய் வாய்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆள் இல்லாத கட்டடத்தில் முதலில் அடைபடுவது அந்த வாய்தான். காக்கை கொண்டுவந்து போட்ட குச்சி, அரச இலை, காற்றில் வந்த பிளாஸ்டிக் பை, இவை போதும்.

தேங்கிய நீர் தளத்தின் நடுவே இறங்குவதில்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் இறங்குகிறது. அங்கே ஒட்டுப்பூச்சு முதலில் விரிசல் விடும். அந்த மூலைக்கு நேர் கீழேதான் உத்திரத்தின் முனை சுவருக்குள் 20, 30 செ.மீ. புதைந்திருக்கிறது. அந்தக் குழிக்குள் காற்றோட்டம் கிடையாது. நனைந்த மரம் காயாது. பூஞ்சை பிடிக்கும், பிறகு கரையான் வரும். அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் உத்திரம் கருகருவென்று உறுதியாகத் தெரியும். முனையில் ஒரு திருப்புளியைக் குத்தினால் ஐந்து செ.மீ. உள்ளே போகும். உத்திரங்கள் நடுவில் முறிந்து விழுவது அபூர்வம். சுவரிலிருந்து நழுவி விழுவதுதான் வழக்கம்.

இரும்பு உத்திரமாக இருந்தால் முனை துருப்பிடித்துப் பருக்கும். துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது சுவரை உள்ளிருந்து நெம்பும். உத்திரத்துக்கு நேராகச் சுவரின் வெளிப்பக்கம் மேலும் கீழுமாக ஒரு விரிசல் தெரிந்தால், அதைச் சுவரின் பலவீனம் என்று எழுதிவிடுவார்கள். காரணம் உள்ளே இருக்கும் இரும்பு.

பழுது பார்க்கிறோம் என்று செய்யும் இரண்டு வேலைகள் கேட்டை விரைவுபடுத்துகின்றன. ஒழுகும் மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு ஜல்லித் தளம் போடுவது முதலாவது. 7.5 செ.மீ. புதுத் தளம் சதுர மீட்டருக்கு 140 கிலோ கூடுதல் சுமை. ஏற்கெனவே முனை அழுகிய உத்திரத்தின்மேல் இது ஏறுகிறது. இரண்டாவது, சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால் உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்க்கும். சில வருடத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் படம் எடுத்துத்தான் கட்டடம் தகுதியற்றது என்று அறிக்கை தயாராகிறது.

அரசங்கன்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை வேரோடு பிடுங்குவது தவறு. வேர் சுண்ணாம்பு இணைப்புகளுக்குள் பல அடி ஓடியிருக்கும். இழுத்தால் செங்கற்கள் கூடவே வரும். வெட்டிவிட்டால் மட்டும் போதாது, மறு மழைக்கு மூன்று கிளையாகத் துளிர்க்கும். தண்டைச் சுவரை ஒட்டி வெட்டி, வெட்டிய முகத்தில் துளைபோட்டு அன்றே களைக்கொல்லி ஊற்றி, அடிமரம் முழுக்கக் காயும்வரை காத்திருந்து, பிறகு காய்ந்த வேரை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்த வேண்டும்.

முதல் வாரத்தில் போவது எது

2006 இடிப்பு இடையில் நின்றது ஏன் அவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, இந்த ஊரில் இடிப்பு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய கட்டடத்தை இடிக்கப் பல நேரம் உரிமையாளர் காசு கொடுப்பதில்லை. இடிக்கும் ஒப்பந்ததாரர் அவருக்குப் பணம் தருகிறார். பழைய பர்மா தேக்கு, வார்ப்பிரும்புத் தூண், உத்திர இரும்பு, வண்ணக் கண்ணாடி, முழுச் செங்கல் எல்லாவற்றுக்கும் சந்தை இருக்கிறது. போட்ட முதலை எடுக்க அவர் விலையுள்ளதை முதலில் கழற்றுவார். கதவு, ஜன்னல், படிக்கட்டு, பிறகு கூரைத் தேக்கு. சுவருக்கு விலை குறைவு, அது கடைசி.

ஆக, ஒரு வாரத்துக்குள் தடையாணை வந்தாலும் சுவர் நிற்கும், மாடி இருக்காது. தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் தப்பித்ததாகவே தோன்றும்.

மாடி போனால் சுவருக்கு நேர்வது இரண்டு. மழை நேராகச் சுவரின் தலையில் இறங்குகிறது. அதைவிட முக்கியமானது, மாடிகள்தான் சுவரைப் பக்கவாட்டில் பிடித்துவைத்திருந்தன. 60 செ.மீ. தடிமன் சுவரில் நான்கு மீட்டருக்கு ஒரு தளம் இருந்தால் உயரத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் ஏழுக்குள். தளங்களை எடுத்துவிட்டால் அதே சுவர் 12 மீட்டர் தனியாக நிற்கிறது, விகிதம் 20. புயல் காற்றில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தடைக்கும் தீர்ப்புக்கும் நடுவே நான்கு வடகிழக்குப் பருவமழைகள் போயின. 2008 நவம்பரில் நிஷா புயல் சென்னையை நனைத்ததும் அதற்குள் அடக்கம். தீர்ப்புக்குப் பிறகு 2015 பெருமழையும் 2016 டிசம்பரில் வர்தா புயலும் வந்தன.

பாரிமுனை ஆர்மேனியன் தெருவில் கோகலே ஹால் இதே சங்கடத்தில் சிக்கியது. அன்னி பெசன்ட் தொடங்கிய ஒய்.எம்.ஐ.ஏ. என்ற இந்திய இளைஞர் சங்கத்தின் கட்டடம், ஹோம் ரூல் காலத்துப் பொதுக்கூட்டங்கள் நடந்த மண்டபம். அங்கும் ஒரு பகுதி இடிபட்ட பிறகுதான் வேலை நின்றது.

தகுதியற்றது என்ற சான்று

இடிக்க வேண்டும் என்பவர்கள் கையில் எப்போதும் ஒரு பொறியாளர் சான்று இருக்கும். அதை மறுக்கக் கோபம் உதவாது, கேள்விகள்தான் உதவும். உத்திர முனைகள் எத்தனை இடத்தில் திறந்து பார்க்கப்பட்டன? விரிசல்கள் வளர்கின்றனவா, நின்றுவிட்டவையா? சுவரின் செங்கல்லும் கலவையும் மாதிரி எடுத்துச் சோதிக்கப்பட்டனவா? கான்கிரீட் கட்டடத்துக்கான அளவுகோலைச் சுண்ணாம்புச் சுவருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? வெறும் கண்பார்வை ஆய்வும் உதிர்ந்த பூச்சின் படங்களும் மட்டுமே இருந்தால் அந்த அறிக்கை சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுவர் சுமையால் நசுங்கும் என்ற வாதத்துக்கு எளிய கணக்கு உண்டு. செங்கற்சுவரின் எடை கன மீட்டருக்கு 1,900 கிலோ. 12 மீட்டர் உயரச் சுவர் தன் எடையால் அடியில் கொடுக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.3 கிலோ. மூன்று தளங்களும் ஆட்களும் சேர்ந்தாலும் 60 செ.மீ. சுவரில் இது மூன்றரைக்குள் அடங்கும். சுமாரான செங்கல்லே தனியாகச் சதுர செ.மீ.க்கு 35 கிலோ தாங்கும். சுண்ணாம்பில் சேர்த்துக் கட்டிய சுவருக்கு அந்த அளவு வராது என்றாலும் பெரிய இடைவெளி இருக்கிறது. பழைய சுவரைக் கொல்வது ஈரமும், பக்கப் பிடிமானம் போவதும்; சுமை அல்ல.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரு பக்கமும் ஜிப்சத்தால் ஒட்டி, தேதியை அதன்மேலேயே எழுதிவைக்க வேண்டும். பூச்சின் மேல் ஒட்டக் கூடாது. பூச்சைச் சுரண்டிச் செங்கல்லில் ஒட்ட வேண்டும். ஒரு மழைக்காலம் கடந்தும் சில்லு உடையாமல் இருந்தால் அந்த விரிசல் பழையது. உடைந்தால், எப்போது உடைந்தது என்ற பதிவு நீதிமன்றத்தில் பத்துப் பக்க வாதத்தைவிடக் கனமானது.

கூரை விழுந்த கட்டடம் மீளாது என்பதற்கு எதிரான சாட்சி சேப்பாக்கத்தில் நிற்கிறது. ஆற்காடு நவாபின் அரண்மனையான கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரைகள் விழுந்து சுவர்கள் மட்டும் மிஞ்சின. பக்கத்து ஹுமாயூன் மஹாலும் நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்தது. பொதுப்பணித்துறை இரண்டையும் சுண்ணாம்பும் மெட்ராஸ் டெரஸும் கொண்டு மீட்டது. கலஸ் மஹாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. ஏறக்குறைய இருநூற்றைம்பது வயதான, தீயில் வெந்த சுவர்கள் புதுக் கூரையைத் தாங்குகின்றன. நூறு வயதுச் சுவரை மழையில் நனைந்ததற்காகத் தகுதியற்றது என்பவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போக வேண்டும்.

அரசே உரிமையாளராக இருப்பது காப்பாற்றிவிடும் என்றும் எண்ணிவிட முடியாது. ஓமந்தூரார் தோட்டத்தில் ஆளுநர்கள் வசித்த பழைய அரசு மாளிகை, புதிய சட்டமன்ற வளாகத்துக்காக 2008-இல் இடிக்கப்பட்டது. மாறாக, 1993-இல் மாநில அரசு கடற்கரைச் சாலையில் உள்ள காவல்துறைத் தலைமையகத்தை இடிக்க முடிவு செய்து, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. 1839-இல் கட்டிய அந்தக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் அலுவலகமாக இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், காவல்துறை அங்கேயே உட்கார்ந்திருந்தது. மாடி ஒழுகினால் மறுநாளே ஒருவர் ஏறிப் பார்ப்பார்.

2010 தீர்ப்பு தந்ததும் தராததும்

தீர்ப்பு மூன்று காரியங்களைச் செய்தது. இந்தக் கட்டடத்தை இடிக்கத் தடை விதித்தது. பத்மநாபன் குழுப் பட்டியலுக்கு உயிர் கொடுத்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமையவும், பட்டியலில் உள்ள கட்டடத்தில் கைவைக்குமுன் அந்தக் குழுவைக் கேட்கவும் வழி செய்தது. 2012-இல் மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டமும் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வருவதற்குள் பல ஆண்டுகள் கழிந்தன.

இந்த ஏற்பாடு முழுவதும் அனுமதி கேட்டு வருபவரை எதிர்பார்த்து நிற்கிறது. இடிக்கவோ மாற்றவோ விண்ணப்பம் வந்தால் குழு கூடும், கருத்துச் சொல்லும். எந்த விண்ணப்பமும் போடாமல் வடிகுழாயை அடைபட விட்டுச் சும்மா இருப்பவரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து மழைக்குப் பிறகு கட்டடம் தானே சாயும். அப்போது மாநகராட்சியின் ஆபத்தான கட்டட அறிவிப்பு போதும். பொதுமக்கள் உயிர் என்று வந்துவிட்டால் எந்த நீதிமன்றமும் தயங்கத்தான் செய்யும்.

இன்னொரு ஓட்டை பதிவேட்டில். பட்டியலில் கட்டடத்தின் பெயரும் தெருவும் மட்டும் இருந்து, இடிப்பு விண்ணப்பம் சர்வே எண்ணில் வந்தால், மேசையில் இருக்கும் அலுவலருக்கு இரண்டும் ஒன்றென்று தெரிய வழியில்லை. டவுன் சர்வே எண், பிளாக் எண், கதவு எண் பழையதும் புதியதும் என மூன்றையும் சேர்த்து மாநகராட்சிக்கும் பதிவுத்துறைக்கும் கொடுத்தால்தான் கோப்பு தானாக நிற்கும்.

தடை கேட்கும் மனுவில் சேர வேண்டியவை

அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு போடும்போது இடிக்கக் கூடாது என்ற ஒற்றைக் கோரிக்கையோடு நிறுத்துவதுதான் வழக்கம். பாரத் கட்டடத்தின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இடைக்கால நிவாரணமாகவே வேறு சிலவற்றையும் கேட்டாக வேண்டும்.

முதலாவது, கழற்றிய பொருள். தேக்கு, இரும்பு, கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் எண்ணிட்டுப் பட்டியலிட்டு வளாகத்துக்குள்ளேயே வைக்க உத்தரவு. லாரி கிளம்பிவிட்டால் அந்தத் தேக்கு மறுநாள் ஆளுக்கொரு வாசற்காலாகிவிடும். அதே அளவில் பழைய தேக்கைத் தேடி வாங்குவது பின்னாளில் புதுப்பிக்கும் செலவைத் தூக்கிவிடும்.

அடுத்தது தற்காலிகக் கூரை, முப்பது நாளுக்குள். தார்ப்பாய் ஒரு பருவம்கூடத் தாங்காது; கிழிந்து குழிவிழுந்து நீரைத் தேக்கும். இரும்புக் குழாய்ச் சாரத்தின்மேல் தகரத் தகடு போட வேண்டும். அந்தச் சாரம் தன் காலில் நிற்க வேண்டும். பழைய சுவரில் துளைபோட்டு அதன்மேல் சுமை ஏற்றக் கூடாது. தகட்டின் விளிம்பு சுவரைத் தாண்டி அரை மீட்டராவது வெளியே நீள வேண்டும்.

மாடி போன சுவர்களுக்கு முட்டு. 60 முதல் 70 பாகைச் சாய்வில், மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்று, பழைய தளம் இருந்த மட்டத்திலேயே முட்டின் தலை படும்படி. அடியில் அகலப் பலகை போட்டு ஆப்பு இறுக்க வேண்டும். ஜன்னல், வாசல் வளைவுகளுக்குள் செங்கல்லைக் களிமண் சாந்தில் அடுக்கி அடைத்துவிடலாம். பின்னால் சேதமில்லாமல் எடுக்க வரும். சிமென்டில் அடைத்தால் எடுக்கும்போது வளைவே போகும். திறந்து கிடக்கும் சுவரின் தலையில் 5 செ.மீ. சுண்ணாம்பு ஜல்லியைச் சாய்வாகப் போட்டு மூட வேண்டும்.

நிற்கும் மாடியில் முனை அழுகிய உத்திரங்களை மாற்றத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. 1.2 மீட்டர் இடைவெளியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, அழுகிய முனையை நல்ல மரம் வரும்வரை வெட்டி, இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு நீட்டலாம். புது முனைக்குக் கீழே ஒரு கல், சுற்றிலும் 2 செ.மீ. காற்றிடைவெளி. அந்த இடைவெளியைக் கொத்தனார் பழக்கத்தில் கலவையால் அடைத்துவிடுவார். கூடவே நின்று தடுக்க வேண்டும்.

இவற்றுக்கான செலவை உரிமையாளர் முன்பணமாகக் கட்டவும், மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் மழைக்கு முன்னும் பின்னும் பார்த்து அறிக்கை தரவும் உத்தரவில் இடம் வேண்டும். காலக்கெடுவும் கணக்கில் இருக்கட்டும். உயர் நீதிமன்றத்துக்கு மே மாதம் கோடை விடுமுறை. மனு ஜூனில் விசாரணைக்கு வந்து உத்தரவு ஜூலையில் கிடைத்தால், சாரம் ஆகஸ்டில் ஏறும். செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் எல்லா வடிகுழாய் வாய்களிலும் வாளித் தண்ணீர் ஊற்றி, அது கீழே வந்து சேர்வதை ஒருவர் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.